பத்தாம் வகுப்பு கணிதத் தேர்வு: பிள்ளையோடு உட்காருபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"எல்லாக் கணக்கும் தெரியும் சார், கவனக்குறைவுல மார்க்கை விட்டுட்டான்." காலாண்டு விடைத்தாள் கொடுக்கும் நாளில் பெற்றோரிடமிருந்து நான் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். பிள்ளைமேல் உள்ள பாசத்தில் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அரையாண்டிலும் அதே மதிப்பெண் அதே இடத்தில் போகிறது. கணிதத்தில் போகிற ஒவ்வொரு மதிப்பெண்ணும் விடைத்தாளின் ஏதோ ஒரு வரியில்தான் போகிறது. அந்த வரியைக் கண்டுபிடித்து அதைச் சரிசெய்வதைத்தான் நான் தயாரிப்பு என்பேன். மற்றபடி எத்தனை கைடு வாங்கினாலும், எத்தனை மணி நேரம் டியூஷனில் உட்கார்ந்தாலும் பெரிய பலன் இல்லை.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படிக்க வேண்டியவர் பிள்ளையின் பக்கத்தில் உட்காருகிற அம்மாவாக இருக்கலாம், கல்லூரி படிக்கும் அக்காவாக இருக்கலாம், தெருவில் டியூஷன் எடுப்பவராகவும் இருக்கலாம். உங்களுக்குக் கணிதம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முக்கால்வாசி வேலைக்குப் பொறுமை போதும்.

படி 1: வினாத்தாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மொத்தம் 100 மதிப்பெண், எழுத 3 மணி நேரம். முதல் பகுதியில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள், எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில் 14 இரண்டு மதிப்பெண் வினாக்கள். 10 எழுதினால் போதும், ஆனால் 28ஆவது வினா கட்டாயம். மூன்றாம் பகுதியில் 14 ஐந்து மதிப்பெண் வினாக்கள். இதிலும் 10 எழுதினால் போதும், 42ஆவது கட்டாயம். கடைசிப் பகுதியில் 43, 44 என்று இரண்டு எட்டு மதிப்பெண் வினாக்கள்: ஒன்று வடிவியல் வரைதல், மற்றது வரைபடம் (கிராஃப்). இரண்டிலும் 'அல்லது' உண்டு.

'அல்லது' வினாக்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் தாளில் 144 மதிப்பெண்ணுக்குக் கேள்வி இருக்கிறது, எழுத வேண்டியது 100க்கு. இதைப் பிள்ளையிடம் கட்டாயம் சொல்லுங்கள். தெரியாத ஒரு கேள்வியைப் பார்த்ததும் கை நடுங்குகிற பிள்ளைக்கு, 'இதை விட்டுவிடலாம்' என்று தாளே அனுமதி கொடுத்திருக்கிறது என்பது பெரிய தைரியம். மதிப்பெண் பங்கீட்டில் அந்த ஆண்டு ஏதாவது மாற்றம் உண்டா என்று பள்ளியில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 2: பழைய விடைத்தாளை வரி வரியாகப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. என் அனுபவத்தில் அதிகம் பலன் தருவது இதுதான்.

கடைசியாக எழுதிய தேர்வின் விடைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் குறைந்த ஒவ்வொரு கணக்கையும் பிள்ளையே இன்னொரு தாளில், புத்தகத்தைப் பார்க்காமல் மறுபடி போடட்டும். நீங்கள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். கோபம் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். போட்டு முடித்ததும் இந்த நான்கில் எது நடந்தது என்று ஓரத்தில் குறியுங்கள்: (1) பாடமே புரியவில்லை; (2) பாடம் தெரியும், ஆனால் இந்தக் கேள்விக்கு எதைப் பயன்படுத்துவது என்று தெரியவில்லை; (3) சரியாகத் தொடங்கி நடுவில் தவறு; (4) வீட்டில் சரியாக வருகிறது, தேர்வில் நேரம் போதவில்லை.

ஓர் உதாரணம். ஆரம் 7 செ.மீ., உயரம் 24 செ.மீ. உள்ள கூம்பின் வளைபரப்பு கேட்கிறார்கள். ஒரு பிள்ளை 528 ச.செ.மீ. என்று எழுதியிருக்கிறது. சரியான விடை 550. 'பெருக்கலில் தப்பு' என்று தாண்டிப் போய்விடத் தோன்றும். ஆனால் 22/7 × 7 × 24 போட்டுப் பாருங்கள், 528 வரும். பெருக்கல் சரியாகத்தான் இருக்கிறது. சாயுயரம் வர வேண்டிய இடத்தில் உயரத்தைப் போட்டிருக்கிறது பிள்ளை. 7, 24 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 25, அதுதான் சாயுயரம். ஆக இந்தப் பிள்ளைக்கு வேண்டியது பெருக்கல் பயிற்சி இல்லை. ஒரு கூம்பைக் காகிதத்தில் சுருட்டிக் காட்டி, உயரம் உள்ளே நிற்கிறது, சாயுயரம் வெளியே மேற்பரப்பில் கிடக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு அந்தத் தவறு திரும்புவது அரிது.

இன்னொன்று. 300க்கும் 600க்கும் இடையே 7ஆல் வகுபடும் இயல் எண்களின் கூடுதல். முதல் எண் 301, கடைசி எண் 595. எத்தனை எண்கள்? 294ஐ 7ஆல் வகுத்து 42 என்று நிறுத்திவிடும் பிள்ளைகள் நிறைய. ஒன்று கூட்ட வேண்டும், 43. கூடுதல் 19264. 'ஏன் ஒன்று கூட்டணும்?' என்று கேளுங்கள். 'ஃபார்முலாவில் இருக்கு' என்றால் பிள்ளைக்குப் புரியவில்லை என்று அர்த்தம். 7, 14, 21 என்று மூன்று எண்களை எழுதி, இடைவெளி இரண்டு, எண்கள் மூன்று என்று காட்டினால் முடிந்தது.

இப்படி நான்கைந்து கணக்குகளைப் பார்த்தாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். ஒரு பிள்ளைக்கு எப்போதும் மைனஸ் குறியில் போகும். இன்னொரு பிள்ளைக்கு வார்த்தைக் கணக்கைச் சமன்பாடாக மாற்றுவதில் போகும். அந்தப் பட்டியலை ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். பொதுத்தேர்வு வரை இந்த நோட்டுதான் உங்கள் வழித்துணை.

படி 3: எட்டாம், ஒன்பதாம் வகுப்பு ஓட்டைகளை அடையுங்கள்

பத்தாம் வகுப்புக் கணக்கில் போகும் மதிப்பெண்களில் கணிசமானவை பத்தாம் வகுப்புப் பாடத்தால் போவதில்லை. மைனஸ் எண்களைக் கூட்டிக் கழிப்பது, பின்னங்கள், அடைப்பை நீக்கும்போது குறி மாறுவது, காரணிப்படுத்துதல், ஒரு சமன்பாட்டில் ஓர் உறுப்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோவது ஆகிய ஐந்தும் கைவந்தால் இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல் மூன்றும் ஒரே நேரத்தில் இலகுவாகும்.

இதற்குத் தனி நாள் ஒதுக்க வேண்டாம். தினமும் படிக்க உட்காரும்போது முதல் பத்து நிமிடம் போதும். 25 வரை வர்க்கங்கள் மனப்பாடமாக இருக்கட்டும். பழைய வகுப்புப் புத்தகத்தை எடுக்கப் பிள்ளை கூச்சப்படும். பத்தாவது படிக்கிறவன் எட்டாவது புத்தகத்தைத் திறப்பதில் எந்த அவமானமும் இல்லை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், தம்பி தங்கைகள் எதிரில் கிண்டல் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 4: வரைபடத்தையும் வடிவியல் வரைதலையும் முதலில் எடுங்கள்

புத்தகத்தில் உறவுகளும் சார்புகளும் முதல் பாடம். ஆனால் திருப்புதலை நான் கடைசிப் பகுதியிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். இரண்டு கேள்வி, 16 மதிப்பெண், கேட்கும் வகைகள் கைவிரலில் எண்ணக்கூடியவை. மெல்லக் கற்கும் பிள்ளைக்கு இதைவிட நம்பிக்கை தருவது வேறில்லை: இங்கே 16, ஒரு மதிப்பெண்ணில் 10, இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து வினாக்கள் சரியானால் 10, ஆக 36. தேர்ச்சிக்கு வேண்டியது 35. வரைதலில் ஒன்றிரண்டு குறைந்தாலும் ஈடுகட்ட ஐந்து மதிப்பெண் பகுதி முழுசாக மிச்சம் இருக்கிறது.

வரைபடத்தில் ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். ஒய் = எக்ஸ்² + எக்ஸ் − 2 என்ற இருபடிக் கோவை. எக்ஸ் மதிப்பு −4 முதல் 4 வரை எடுத்தால் ஒய் வரிசை இப்படி வரும்: 10, 4, 0, −2, −2, 0, 4, 10, 18. பிள்ளைகள் சறுக்குகிற இடம், −3இன் வர்க்கத்தை −9 என்று எழுதுவது. அப்போது 4 வர வேண்டிய இடத்தில் −14 வரும். புள்ளிகளைக் குறித்து, வளைவரை ஓரிடத்தில் உடைந்து கிடப்பதைப் பார்த்த பிறகும் சில பிள்ளைகள் எப்படியாவது வளைத்து இணைத்துவிடுகிறார்கள்.

அதைத் தடுக்க ஒரு சோதனை சொல்லிக் கொடுங்கள். அடுத்தடுத்த ஒய் மதிப்புகளின் வித்தியாசத்தை எழுதச் சொல்லுங்கள்: −6, −4, −2, 0, 2, 4, 6, 8. இரண்டிரண்டாக ஏறுகிறது. எக்ஸ்²க்கு முன்னால் வேறு எண் இல்லாமல், எக்ஸ் ஒவ்வொன்றாக ஏறினால் இது எப்போதும் இப்படித்தான் வரும். எக்ஸ்²க்கு முன்னால் 2 இருந்தால் நான்கு நான்காக ஏறும். எங்கே இந்த ஒழுங்கு உடைகிறதோ அங்கே தவறு. அரை நிமிட வேலைதான், எட்டு மதிப்பெண்ணுக்குக் காவல். விடையின் பகுதியாக எழுத வேண்டாம், ஓரத்தில் பென்சிலால் போட்டால் போதும்.

பிறகு, ஒரு வளைவரையை வரைந்து அதைக் கொண்டு வேறொரு சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லும் வகை. ஒய் = எக்ஸ்² + 3எக்ஸ் + 2 வரைந்து எக்ஸ்² + 2எக்ஸ் + 1 = 0ஐத் தீர்க்கச் சொன்னால், மேலிருந்து கீழைக் கழிக்க ஒய் = எக்ஸ் + 1 என்ற நேர்க்கோடு கிடைக்கிறது. அந்தக் கோடு வளைவரையை −1இல் மட்டும் தொடுகிறது, தீர்வு −1. கழிக்கும்போது கீழ்வரியின் எல்லாக் குறிகளையும் மாற்றி எழுதிவிட்டுத்தான் கூட்ட வேண்டும் என்பதைப் பழக்கமாக்குங்கள். மனதிலேயே மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்குத்தான் இங்கே போகிறது. அளவுத்திட்டத்தை மேல் மூலையில் எழுதுவது, அச்சுகளுக்குப் பெயர், அட்டவணை, கடைசியில் தீர்வு என்று தனி வரி: இவற்றில் எது விடுபட்டாலும் மதிப்பெண் குறையும். நேர்மாறல், எதிர்மாறல் வரைபடங்கள் இன்னும் எளிது. அவற்றில் மாறிலியை (மாறாமல் நிற்கும் எண்ணை) கண்டுபிடித்து எழுத மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

வடிவியலில் வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு என மூன்று குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் உதவிப்படம் (அளவுகளைக் குறித்த கைப்படம்), பிறகு அளவோடு வரைந்த படம், பிறகு வரைமுறை (எப்படி வரைந்தோம் என்ற படிகள்). தொடுகோட்டைச் சரிபார்க்கச் சொல்லிக் கொடுங்கள்: ஆரம் 3 செ.மீ., மையத்திலிருந்து புள்ளி 8 செ.மீ. என்றால் 64இலிருந்து 9ஐக் கழித்து வர்க்கமூலம் எடுக்க சுமார் 7.4. ஸ்கேலில் அளந்தாலும் 7.4 வர வேண்டும். 7.8 வந்தால் காம்பஸ் திருகு தளர்ந்திருக்கிறது அல்லது பென்சில் முனை மழுங்கியிருக்கிறது. நல்ல ஜியாமெட்ரி பாக்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 5: புத்தகத்தை மூடிவிட்டுப் போடவையுங்கள்

எடுத்துக்காட்டுக் கணக்கைப் படித்துவிட்டு 'புரிந்துவிட்டது' என்று அடுத்ததற்குப் போவது கணிதத்தில் மிகப் பெரிய ஏமாற்று. வீடியோ பார்ப்பதும் அப்படியே. பார்க்கும்போது எல்லாம் புரியும், ஏனென்றால் அடுத்த வரியை யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தேர்வில் அடுத்த வரியை எழுத ஆள் இல்லை.

ஆகவே, எடுத்துக்காட்டை ஒருமுறை படிக்கட்டும். புத்தகத்தை மூடட்டும். வெள்ளைத்தாளில் போடட்டும். நின்றுபோனால் ஐந்து நிமிடம் தவிக்க விடுங்கள். பிறகு நின்ற வரியை மட்டும் பார்க்கலாம். பார்த்துவிட்டு மூடி, மறுபடி முதல் வரியிலிருந்து எழுத வேண்டும். நின்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரம் போட்ட கணக்குகள் மூன்று நான்கு நாள் கழித்து மறுபடி வர வேண்டும், இரண்டு வாரம் கழித்து இன்னொருமுறை.

இன்னொரு விஷயம் பாடங்களைக் கலப்பது. பயிற்சி 2.6 முழுவதையும் ஒரே மூச்சில் போட்டால் எல்லாமே கூட்டுத்தொடர் சூத்திரம்தான் என்று கைக்குத் தெரியும், யோசிக்கவே வேண்டியதில்லை. தேர்வில் எந்தப் பாடம் என்று கேள்வியில் எழுதியிருக்காது. வாரத்தில் இரண்டு நாளாவது அளவியலில் ஒன்று, நிகழ்தகவில் ஒன்று, முக்கோணவியலில் ஒன்று, அணிகளில் ஒன்று என்று நீங்களே பொறுக்கிச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். விடை தெரியாத பெற்றோரும் செய்யக்கூடிய வேலை இது. 28, 42ஆம் கட்டாய வினாக்கள் பயிற்சிக் கணக்கை அப்படியே கேட்காமல் மாற்றிக் கேட்பது வழக்கம். நூற்றுக்கு நூறு குறிவைக்கும் பிள்ளைக்கு இந்தக் கலப்புப் பயிற்சியும், எண்களை மாற்றித் தானே கேள்வி உருவாக்கிப் பார்ப்பதும்தான் அதற்கு வழி.

கோண இருசமவெட்டித் தேற்றம், தேல்ஸ் தேற்றம், பிதாகரஸ் தேற்றம் மூன்றின் நிரூபணங்களும் இதே முறையில்தான்: கூற்று, கொடுக்கப்பட்டவை, நிரூபிக்க வேண்டியவை, அமைப்பு, நிரூபணம் என்று படத்தோடு பார்க்காமல் எழுத வேண்டும்.

படி 6: ஒரு மதிப்பெண் வினாவில் எழுத்தை மனப்பாடம் செய்ய விடாதீர்கள்

பாடப் பின்பக்க வினாவைச் சொன்னதும் 'விடை ஆ' என்று பளிச்சென்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. ஏன் என்று கேட்டால் தெரியாது. ஐந்து உறுப்புகள் உள்ள கணத்திலிருந்து இன்னொரு கணத்துக்கு 1024 உறவுகள் என்றால் அந்த இரண்டாவது கணத்தில் எத்தனை உறுப்புகள்? 1024 என்பது 2இன் பத்தாம் அடுக்கு, ஐந்தை இரண்டால் பெருக்கினால் பத்து, ஆகவே 2. உடனே 1024ஐ 32768 ஆக்கிக் கேளுங்கள். அது 2இன் பதினைந்தாம் அடுக்கு, விடை 3. சொல்லிவிட்டால் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது.

விடைத்தாளில் குறியீடு, விடை இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். வினாத்தாளிலேயே அந்தக் குறிப்பு உண்டு. 'ஆ' என்று எழுத்தை மட்டும் எழுதிவைக்கும் பழக்கத்தை வகுப்புத் தேர்விலேயே மாற்றுங்கள்.

படி 7: திருத்துபவர் கண்ணுக்குத் தெரியும்படி எழுதப் பழக்குங்கள்

ஐந்து மதிப்பெண் என்பது ஒரே கட்டியாக வருவதில்லை. சூத்திரத்துக்கு, பிரதியிட்டதற்கு, இடைப்பட்ட படிக்கு, விடைக்கு என்று பிரித்துத்தான் திருத்துவார்கள். முன்னால் சொன்ன 7ஆல் வகுபடும் எண்கள் கணக்கில் 43க்குப் பதில் 42 என்று எழுதிய பிள்ளைக்கும், தொடர்வரிசையை எழுதிச் சூத்திரத்தைக் காட்டியிருந்தால் அதற்கான மதிப்பெண் உண்டு. மனக்கணக்காகப் போட்டு விடையை மட்டும் எழுதிய கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் நஷ்டம். ஒரு வரிக்கு ஒரு சமக்குறி, அளவியலில் அலகு, அடித்தல் இருந்தால் ஒரே கோட்டில் அடிப்பது, கணக்கு முடிந்ததும் விடையைச் சுற்றி ஒரு பெட்டி. துணைக்கணக்கை அதே பக்கத்தின் ஓரத்தில் போட்டால் எண்ணைப் பெயர்த்து எழுதும் தவறுகள் குறையும்.

படி 8: மூன்று மணி நேரம் உட்காரவையுங்கள்

பாடம் முடிந்த பிறகு முழு மாதிரித் தேர்வுகள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, செல்போன் வேறு அறையில், டிவி நிறுத்தி. நான் சொல்லும் நேரக் கணக்கு: ஒரு மதிப்பெண் பகுதிக்கு 20 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 40, ஐந்து மதிப்பெண்ணுக்கு 80, வரைபடத்துக்கும் வடிவியலுக்கும் 30. மொத்தம் 170, மிச்சம் பத்து நிமிடம் சரிபார்க்க. எட்டு நிமிடத்தில் ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கு நகரவில்லை என்றால் இடம் விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இது சொல்லி வராது, பழகித்தான் வரும்.

வரைதலை முதலில் எழுதுவதா கடைசியிலா என்பது பிள்ளையைப் பொறுத்தது. கடைசியில் அவசரமாக வரைந்து கோணலாக்கும் பிள்ளை என்றால் ஒரு மதிப்பெண் முடிந்ததும் அதை எழுதிவிடட்டும். இரண்டு விதமாகவும் மாதிரித் தேர்வில் முயன்று ஒன்றை முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கும் அடுத்த நாள் படி 2க்குத் திரும்ப வேண்டும். திருத்தாமல் அடுக்கிவைத்த பத்துத் தேர்வைவிட, வரி வரியாகப் பார்த்த மூன்று தேர்வு மேல்.

தேர்வு நெருங்கும்போது வீட்டில்

'எனக்கும் கணக்கு வராது, அதான் இவளுக்கும் வரல' என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் முயல வேண்டாம் என்று பிள்ளைக்குக் கேட்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணும் இந்த நாட்களில் பேச்சில் வர வேண்டாம். பெண் பிள்ளை என்றால் சமையலறை வேலையிலிருந்து விடுவித்து முழுசாக இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

முந்தின நாள் புதுக்கணக்கு எதுவும் வேண்டாம். அந்தச் சின்ன நோட்டு, சூத்திரங்கள், நட்சத்திரக் கணக்குகள், பிறகு தூக்கம். பென்சில் இரண்டு சீவி வைத்து, காம்பஸ் திருகை இறுக்கி, ஹால் டிக்கெட்டோடு சேர்த்து இரவே எடுத்து வையுங்கள்.

தேர்வறையில் வினாத்தாளைப் படிக்க முதல் பத்து நிமிடம் தருவார்கள். அந்த நேரத்தில் 28, 42 இரண்டையும் முதலில் படிக்கச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் இழப்பு நிச்சயம் என்பதால் அவற்றை மூளை முன்கூட்டியே அசைபோடத் தொடங்கட்டும். பிறகு ஐந்து மதிப்பெண்ணில் தவிர்க்கப்போகும் நான்கை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் நேரம் மீந்தால் பதினோராவது வினாவை எழுதுவதைவிட, எழுதிய பத்தில் குறிகளைச் சரிபார்ப்பது லாபம்.

எழுதி முடித்து வெளியே வந்ததும் வாசலிலேயே வினாத்தாளை வாங்கி விடை சரிபார்க்காதீர்கள். அடுத்த தேர்வு இன்னும் இருக்கிறது. சோறு போட்டுத் தூங்கவையுங்கள். ஒருவேளை முடிவு வரும்போது கணிதத்தில் 35 வரவில்லை என்றால், அன்றே பள்ளிக்குப் போய்த் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதியைக் கேளுங்கள். சில வாரங்களில் நடக்கும் அந்தத் தேர்வில் தேறினால் அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிடலாம். நாட்கள் குறைவு என்பதால், அங்கே தொடங்க வேண்டியது நான்காம் படியிலிருந்து.